நிழலை முதலில் வரையுங்கள்: பால்மரம், பயிர், கால்நடை மூன்றையும் ஒரே நிலத்தில் வளர்க்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் பால்மர (ரப்பர்) நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள், மறுநடவுக்காக மரங்களை வீழ்த்தியதும் முதலில் கேட்கும் கேள்வி "இடையில் என்ன போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நிலத்தில் மூன்றாம் ஆண்டில் வெயில் எங்கே விழும், ஏழாம் ஆண்டில் எங்கே விழும்? மரமும் பயிரும் ஆடுமாடும் ஒன்றாக வாழும் நிலத்தில் எல்லா முடிவுகளும் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்தே அமைகின்றன. எந்தப் பயிரை எப்போது நடுவது, புல் எங்கே வளரும், ஆட்டை எந்த ஆண்டில் உள்ளே விடுவது, பணம் எந்த மாதத்தில் கைக்கு வரும் என்பவை அனைத்தும் நிழலின் நகர்வோடு சேர்ந்தே நகர்கின்றன.

மரத்தடியில் மாடு மேய்ப்பது நமக்குப் புதிதன்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் நமக்கு அருகிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பின்னர் தோட்டங்கள் பெருகிய காலமெல்லாம், லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் மரவள்ளியும், பால்மர நிரைகளுக்குள் மாடும் ஆடுமாகத்தான் நம் குடும்பங்கள் வாழ்ந்தன. என் அம்மா வளர்த்த இரண்டு பசுக்களும் அப்படித்தான் மேய்ந்தன. ஆனால் நிலம் நம்முடையதாக இல்லாததால், தோட்டம் கைமாறியபோதும் பால்மரம் செம்பனையாக (எண்ணெய்ப்பனையாக) மாறியபோதும் மாடுகளை அகற்று என்ற ஒரு சொல்லோடு அந்த முறை முடிந்துபோனது. இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குத் தோட்டத் துண்டாடல்தான், அதாவது பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றதுதான், காரணம். நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தே அதில் என்ன வளரும் என்பதும் அமைகிறது. ஆகவே முதல் படியைப் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: பத்திரத்தைப் படித்தல்

நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் நிலப்பத்திரத்தில் 'ஷாராட் ஞாத்தா' (வெளிப்படையான நிபந்தனை) என்ற தலைப்பின் கீழ், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். சில பத்திரங்களில் பொதுவாக விவசாயம் என்றிருக்கும், சிலவற்றில் ரப்பர் மட்டும் என்றே குறிக்கப்பட்டிருக்கும். பயிர் குறிப்பிடப்பட்டிருந்தால், முதன்மைப் பயிரையே மாற்றுவதற்கு முன் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவு இத்தகைய நிபந்தனை மாற்றத்துக்கு வழிசெய்கிறது. மறுநடவு உதவிக்கு ரிஸ்டாவில் (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) விண்ணப்பிப்பவர்கள், தாங்கள் நினைத்திருக்கும் நடவு இடைவெளி அந்த உதவியின் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை நடுவதற்கு முன்பே அதிகாரியிடம் வரைபடத்தோடு காட்டிவிடுவது நல்லது. நட்ட பிறகு காட்டினால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இராது. கால்நடைக் கொட்டகைக்கு ஊராட்சியின் விதிகளும் அண்டை வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படும்.

இரண்டாம் படி: மழையில் நிலத்தை நடந்து பார்த்தல்

பேராக்கின் இப்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதலாகப் பெய்கிறது. அந்த மழை நாளொன்றில் குடையோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியில் ஓடுகிறது, மண் எங்கே கரைகிறது என்பவற்றை ஒரு தாளில் குறியுங்கள். ஆட்டுக்கொட்டகை மேட்டில் வர வேண்டும். தென்னையும் வாழையும் ஈரமான கீழ்ப்பகுதியைத் தாங்கும், ஆனால் டுரியான் தேங்கிய நீரைத் தாங்காது.

அடுத்து, பழைய அடிமரங்களைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் அதிகமாக வற்புறுத்தும் செய்தி இதுவாகவே இருக்கும். ரப்பரின் வெள்ளை வேர் நோயை உண்டாக்கும் பூஞ்சை, வெட்டிய மரத்தின் அடியிலும் மண்ணுக்குள் விட்டுப்போன வேரிலும் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, தன் வேரிழைகளைப் பக்கத்துக் கன்றின் வேருக்குக் கடத்துகிறது. அது ரப்பரை மட்டும் தாக்குவதில்லை, பலாவையும் கொக்கோவையும் மரவள்ளியையும் கூடத் தாக்குகிறது. செலவு மிச்சம் என்று அடிமரங்களைத் தோண்டாமல் விட்ட என் நிலத்தின் கிழக்கு மூலையில், மூன்றாம் ஆண்டில் இலை மஞ்சளித்துச் சுருங்கிய கன்றின் அடியைத் தோண்டியபோது, வேரின் மேல் வெள்ளை நூல் பின்னியதுபோல் அந்தப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது கன்றுகளை அந்த மூலையில் இழந்தேன். ஆகவே அடிமரங்களை வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். நோய் இருந்த இடத்தில் நடவுக்குழி மண்ணோடு கந்தகத்தூளைக் கலக்க வேண்டும். தோட்டப்புறத்தில் நமக்கு மிகவும் பழக்கமான மரவள்ளியை இளம் பால்மரங்களுக்கிடையே நடுவதை, மனத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் படி: நிழல் வரைபடம்

வழக்கமான நடவில் மரத்துக்கு மரம் 3 மீட்டர், நிரைக்கு நிரை 7 மீட்டர் விடுகிறோம் என்றால் ஒரு ஹெக்டரில் 476 மரங்கள் நிற்கும். நான்கைந்து ஆண்டுகளில் தழை கூடிவிடும், அதன் பிறகு கீழே எதற்கும் வெயில் இல்லை. இதற்கு மாற்றாக இரட்டை நிரை முறை இருக்கிறது. இரண்டு நிரைகளை 3 மீட்டர் இடைவெளியில் அருகருகே அமைத்து, ஒவ்வொரு நிரையிலும் மரத்துக்கு மரம் 2 மீட்டர் விட்டு, அடுத்த இரட்டை நிரை வரை 22 மீட்டர் அகலமான வெளியைத் திறந்து வைப்பது இதன் அமைப்பு. இதில் ஹெக்டருக்கு 400 மரங்கள், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 160 மரங்கள் கிடைக்கும். ஏக்கருக்கு முப்பது மரம் குறைகிறதே என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த முப்பது மரங்களுக்கு ஈடாக, பால்மரத்தின் முழு ஆயுட்காலமும் வெயில் படும் ஒரு நிலப்பட்டை நமக்குக் கிடைக்கிறது. ரப்பர் விலை விழும் ஆண்டுகளில் வீட்டுச் செலவைத் தாங்குவது அந்தப் பட்டைதான்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழ உச்சியின் வழியாகவே செல்கிறது. சமதரையில் நிரைகளைக் கிழக்கு மேற்காக அமைத்தால், காலை மாலை நிழல் நிரையின் மீதே நீண்டு விழும், நடுவெளிக்கு வெயில் தடையின்றிக் கிடைக்கும். சரிவான நிலத்தில் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சம உயரக் கோட்டை ஒட்டியே நட வேண்டும். அங்கே மண்ணைக் காப்பது வெயிலைவிட முக்கியம்.

இப்போது ஒரே நிலத்தை மூன்று தாள்களில் வரையுங்கள். முதல் தாள் இரண்டாம் ஆண்டுக்கு: நிரையின் இருபுறமும் 2 மீட்டர் விட்டால் நடுவில் 18 மீட்டர் முழு வெயில். இரண்டாம் தாள் ஏழாம் ஆண்டுக்கு: தழை இருபுறமிருந்தும் உள்ளே நீண்டு, முழு வெயில் நடுப்பகுதிக்கு ஒதுங்கியிருக்கும். மூன்றாம் தாள் பதினைந்தாம் ஆண்டுக்கு. ஒவ்வொரு தாளிலும் வெயில், அரைநிழல், நிழல் என்று மூன்று வண்ணம் தீட்டுங்கள். நட்ட பிறகு சரிபார்க்க எளிய வழி உண்டு: நண்பகலில் ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியை மரத்தடியில் விரித்து, அதில் வெயில் புள்ளிகள் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்று பாருங்கள். பாதிக்கு மேல் வெயிலானால் புல் வளரும். கால் பங்குக்கும் குறைவானால் நிழல் தாங்கும் செடிகளை மட்டுமே நம்ப வேண்டும்.

நான்காம் படி: மரங்களைத் தேர்ந்து இடம் ஒதுக்குதல்

முதன்மை மரம் ரப்பராக இருந்தால், அதனோடு எது சேராது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டுரியானின் அடிமரத்தை அழுகச் செய்யும் பைட்டோப்தோரா கிருமி கொக்கோவின் காயையும் கறுக்கச் செய்கிறது, பால்மரத்தில் பால் வெட்டும் பட்டையிலும் நோயை உண்டாக்குகிறது. ஈரமான நம் மண்ணில் இம்மூன்றையும் நெருக்கமாகக் கலந்து நட்டால், நோயை நாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புவதாகிவிடும். டுரியான் வேண்டுமென்றால் வடிகால் நன்றாக உள்ள தனி மூலையில், மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு வையுங்கள். கொக்கோவுக்கு உரிய துணை தென்னை. பாகான் டத்தோ பகுதியில் தென்னந்தோப்புக்குள் கொக்கோ வளர்த்தவர்கள் அதை நன்கு அறிவார்கள்.

நடுவெளிக்கு நான் பரிந்துரைக்கும் மரம், காயின் விதை சமையலுக்கு ஆகும் பெத்தாய். உயரமாகப் போய் மேலே தழைவதாலும், இலை மெல்லிய சிற்றிலைகளாக இருப்பதாலும் அதன் நிழல் கனமாக விழுவதில்லை. ஒட்டுக்கன்று விதைக்கன்றைவிட முன்னதாகக் காய்க்கும். ஒரு நடுவெளி விட்டு ஒரு நடுவெளியில், நடுக்கோட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள், மற்றவற்றைத் திறந்தே விடுங்கள்.

எல்லையில் செந்தாங் மரம். இது நம் வேம்பின் நெருங்கிய உறவினம். வேம்பைவிட உயரமாகவும் நேராகவும் வளர்ந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றால் பலகைக்கு ஆகும். எல்லைக்கோட்டிலிருந்து 3 மீட்டர் உள்ளே தள்ளி நடுவது அண்டை நிலத்தாரோடு வரும் பல வழக்குகளைத் தவிர்க்கும். வேலிக்குக் கிளிரிசிடியா மரத்தின் போத்துகளை (வெட்டிய கிளைத்தண்டுகளை) ஊன்றுங்கள். ஒன்றரை மீட்டர் நீளப் போத்து மழைக்காலத்தில் தானே வேர்விடும், வளர்ந்த பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தழை வெட்டலாம். வேலியும் தீவனமும் தழை உரமுமாக மூன்று வேலை செய்யும் இந்த மரத்தை நம்மவர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். வீட்டருகே முருங்கை, கறிவேப்பிலை, தென்னை, மா ஆகியவற்றுக்கு இடம் விடுவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடவுக்குழியை ஒன்றரை அடி அகலமும் இரண்டு அடி ஆழமுமாகத் தோண்டி, மேல்மண்ணைத் தனியே வைத்து, அதோடு கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட்டை ஒரு கைப்பிடி கலந்து நிரப்புங்கள். நம் மண் புளிப்பானது என்பதால் இந்தப் பாறைத்தூள் மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: முதல் மூன்று ஆண்டுகள்

மண் ஒரு நாளும் வெறுமையாக இருக்கக் கூடாது. நடவு முடிந்த வாரமே பூராரியா, செண்ட்ரோசீமா போன்ற மூடுபயிர் விதைகளை, வேர்முடிச்சு நுண்ணுயிர் கலந்து, பயிரிடாத பட்டைகளில் விதையுங்கள். அண்மைக் காலமாகப் பெருந்தோட்டங்கள் விரும்பும் முக்குனா பிராக்டியாட்டா என்ற மூடுகொடி களையை நன்றாக அடக்கும், ஆனால் ஆடுமாடு அதை விரும்பித் தின்பதில்லை, கன்றின் மேலும் ஏறி அமுக்கிவிடும். கால்நடையை எண்ணி நடுபவர்களுக்கு அது ஏற்றதன்று.

நடுவெளியின் 18 மீட்டரில் வாழை, அன்னாசி, சோளம், நிலக்கடலை, மிளகாய் எதையும் வைக்கலாம். என் அனுபவத்தில் சிறு விவசாயிக்கு வாழையே முதல் துணை. காய் ஒரு வருமானம், இலை மற்றொரு வருமானம். கோயில் திருவிழாவும் கல்யாணமும் வாழையிலைச் சோற்றுக் கடையும் உள்ள ஊரில் இலை ஒருபோதும் மிஞ்சுவதில்லை. ஆனால் வாழையின் இரத்த நோயைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். பழத்தின் உட்பகுதி செம்பழுப்பாக அழுகும் இந்த நோய், பூவுக்கு வரும் பூச்சிகளாலும் நாம் பயன்படுத்தும் கத்தியாலும் பரவுகிறது. கடைசிச் சீப்பு விரிந்தவுடன் வாழைப்பூவை ஒடித்துவிடுங்கள், அது கறிக்கும் ஆகும். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் போகும்போது கத்தியைக் குளோரக்ஸ் (வெளுப்பு மருந்து) கலந்த நீரில் நனையுங்கள்.

பொங்கலுக்கு இலையோடு கூடிய மஞ்சள் கொத்து வேண்டுமென்றால், ஏப்ரல் மழையோடு கிழங்கை ஊன்ற வேண்டும். ஜனவரியில் இலை பசுமை குன்றாமல் பிடுங்க அதுவே ஏற்ற காலம். மஞ்சள் அரைநிழலையும் தாங்குவதால், வாழை நடுவெளியின் ஓரத்தில் இருந்தாலும் குறையில்லை.

ஆறாம் படி: கால்நடையை உள்ளே விடும் காலம்

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். இளம் பால்மரத்தின் பட்டை ஆட்டுக்கு மிகப் பிடித்த உணவு. நான்காம் ஆண்டில், ஒரு மழைநாளில் சாய்ந்த வேலி வழியாக உள்ளே புகுந்த என் ஆடுகள் ஒரே பிற்பகலில் பதினொரு மரங்களின் பட்டையை, எதிர்காலத்தில் பால் வெட்ட வேண்டிய அதே உயரத்தில், உரித்துவிட்டன. அன்றிலிருந்து ஆட்டைக் கொட்டகையிலேயே வைத்து, தழையை வெட்டிக் கொண்டுவந்து போடும் முறைக்கு மாறினேன். மேய்ச்சல்தான் வேண்டுமென்றால் செம்மறியே பால்மரத்துக்கு ஏற்றது. அது தரையில் உள்ளதை மேயும், பின்னங்காலில் நின்று மரத்தைத் தொல்லைப்படுத்துவது குறைவு. அதையும் மரத்தின் பட்டை தடித்து, தழை கை எட்டாத உயரத்துக்குப் போன பிறகே விட வேண்டும். மாடு கனமானது. ஈரமான மண்ணை மிதித்து இறுக்கும், பால் பிடிக்கும் மங்குகளையும் தட்டிவிடும். மாட்டை நடுவெளியின் மின்வேலிக்குள் மட்டுமே வைத்திருங்கள்.

தீவனக் கணக்கு எளிது. ஆடு தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பசுந்தீவனம் தின்னும். முப்பது கிலோ எடையுள்ள பத்து ஆடுகளுக்கு ஒரு நாளைக்கு முப்பது கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு டன். நன்றாக எருவிட்ட, முழு வெயில் உள்ள கால் ஏக்கர் நேப்பியர் புல்லும் வேலியின் கிளிரிசிடியா தழையும் இதற்குப் போதும். புல்லின் இடத்தை ஏழாம் ஆண்டு வரைபடத்தில் வெயில் வண்ணம் உள்ள இடத்திலேயே தேர்ந்தெடுங்கள். நிழலில் நட்ட நேப்பியர் மெலிந்து, இரண்டு வெட்டுக்குப் பின் களைக்கு இடம் கொடுத்துவிடும்.

நம் தோட்டங்களில் 'ரும்புட் இஸ்ரேல்' என்று வெறுக்கப்படும் களைச்செடி செம்மறிக்கும் ஆட்டுக்கும் நல்ல தீவனம். அதை மருந்தடித்து அழிப்பது பணத்தை இருமுறை இழப்பதாகும். மாறாக, எல்லாரும் புகழும் சிக்னல் புல்லைத் தனித்தீவனமாகக் கொடுத்தால் செம்மறிக்கும் ஆட்டுக்கும் ஈரல் கெட்டு, வெயில் பட்ட முகமும் காதும் வீங்கிப் புண்ணாகும். மரவள்ளித் தழையில் சயனைடு நஞ்சு உண்டு, வெயிலில் நன்றாக வாட்டிய பிறகே கொஞ்சமாகக் கொடுக்கலாம். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மாட்டுக்கு ஏற்ற மலிவான தீவனம், ஆனால் அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் திடீரென்று கொல்லும். ஆகவே செம்மறிக்கு அதை முதன்மைத் தீவனமாக வைக்காதீர்கள். உண்ணிச்செடி எங்கிருந்தாலும் பிடுங்கிவிடுங்கள். பராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்காவது கிடந்தால் அதைத் தொடவும் வேண்டாம்.

ஈரமும் வெப்பமும் உள்ள நம் நாட்டில் ஆட்டையும் செம்மறியையும் அதிகமாகக் கொல்வது இரத்தம் உறிஞ்சும் குடற்புழுதான். கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்தி, இடுக்குப் பலகைத் தளம் போடுங்கள். மேய்ப்பவர்கள் நடுவெளியைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேயவிட்டு நகர்த்தினால், அதே பகுதிக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் புல்லிலுள்ள புழுக்குஞ்சுகளில் பெரும்பகுதி மடிந்துவிடும். பனி உலர்ந்த பின்பே வெளியே விடுங்கள். வாரம் ஒருமுறை கீழிமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நலம், வெளிறியிருந்தால் கால்நடை மருத்துவத் துறையின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

தீபாவளிக்குக் கிடா விற்க நினைப்பவர்கள் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆடு ஐந்து மாதம் சினையாக இருக்கும். அடுத்த தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு மாதக் கிடா வேண்டுமென்றால், இவ்வாண்டு ஜூன், ஜூலையிலேயே இணை சேர்த்து, நவம்பர், டிசம்பரில் குட்டி பிறக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நிழல் கூடிய பின்

ஆறாம் ஆண்டு முதல் பால் வெட்டு தொடங்கும். அப்போது நிரையோரத்தில் மஞ்சள், லெங்குவாஸ் (பேரரத்தை), வெற்றிலை ஆகியவற்றை மட்டும் வைத்து, வெயில் கேட்கும் எல்லாவற்றையும் நடுவுக்கு நகர்த்துங்கள். நிழலில் கெலுலுட் தேன்கூடுகளையும் வைக்கலாம். பால்மரத்தின் இளந்தளிரில் இலைக்காம்பருகே சுரக்கும் தேன் இந்தக் கொட்டாத தேனீக்களுக்குக் கிடைக்கும். பிப்ரவரி வாக்கில் இலையுதிர்ந்து, பின் தளிர்விடும் காலம் அவற்றுக்கு விருந்து. அப்போது பூச்சிமருந்து அறவே கூடாது. தளிர் முற்றும் வரை பால் வெட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்குக் கீழே சேரும் சாணத்தைப் பச்சையாக மரத்தடியில் கொட்டாமல், உலர்ந்த இலையோடு அடுக்கி, ஆறு முதல் எட்டு வாரம் மட்கவிட்டு, முதலில் நேப்பியருக்கும் வாழைக்கும், மிச்சத்தைப் பெத்தாய்க்கும் இடுங்கள். இரட்டை நிரையில் வேர் நெருக்கமாக இருப்பதால் பால்மரத்துக்கு வழக்கமான உரமும் தேவை.

எட்டாம் படி: மரம் வெட்டும் காலம்

பால்மரம் இருபத்தைந்து ஆண்டு கடந்ததும் பலகைக்கு விற்கலாம். செந்தாங்கும் அக்காலத்தில் பருத்திருக்கும். சொந்த நிலத்து மரமானாலும் வெட்டி வெளியே கொண்டுசெல்வதற்கு அனுமதி தேவையா என்பதை, வியாபாரி லாரியோடு வருவதற்கு முன்பே, மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். விலை பேசும்போது, அடிமரங்களைத் தோண்டியெடுக்கும் செலவையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நிரைகளையும் ஒரே ஆண்டில் வீழ்த்தாமல், முதலில் ஒரு நடுவெளியின் இருபுறமும் உள்ள இரட்டை நிரைகளை மட்டும் எடுத்தால், மற்றவை பால் தந்துகொண்டிருக்கும்போதே திறந்த இடத்தில் மீண்டும் 18 மீட்டர் வெயிலோடு வாழை நடலாம். அந்த நாளில் கையில் இருக்க வேண்டியது புதிதாக வரைந்த மூன்று தாள்கள்.